சரித்திர வாத்தியாரின் வாய்

மனித வாய் உச்சரிக்கக் கூடாத சொல் என்று இந்த உலகத்தில் ஒன்றுகூடக் கிடையாது. அப்படி ஒன்று இருந்தால், அதை முதலில் உச்சரிக்கும் கடமை சரித்திர வாத்தியாருக்கே உண்டு. இந்த உண்மையைச் சரித்திர வாத்தியார் ஒரு புதன்கிழமை காலை ஏழே காலுக்கு, வாயில் பற்பசை நுரையோடு, தன் வீட்டுக் குளியலறை வாசலில் நின்று உலகத்துக்கு அறிவித்தார். நுரை காரணமாக உலகத்துக்குப் பாதிதான் கேட்டது.

"என்ன கிடையாது?" என்று கேட்டாள் அவர் மனைவி. தையல் இயந்திரம் நிற்கவில்லை. பள்ளிக்கூடச் சீருடை நூற்றுப்பத்துச் சட்டை, திங்கட்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். முன்னறை முழுக்க, சட்டையாகக் காத்திருக்கும் துண்டுகள். சோபாவில் கைகள், மேசையில் கழுத்துப்பட்டிகள், தொலைக்காட்சிக்கு மேல் பைகள். அந்த வீட்டில் இரண்டு வாரமாக யாரும் சோபாவில் உட்காரவில்லை. உட்கார்ந்தால் யாருடைய கையாவது கசங்கும்.

வாத்தியார் துப்பிவிட்டு வந்து மறுபடி அறிவித்தார். "சொல்லக் கூடாத சொல்லுன்னு ஒண்ணும் கிடையாது. சொல்லுன்னா வெறும் காத்து. காத்துக்கு எதுக்கு முக்காடு?"

"காலங்காத்தால எதுக்கு மாமா இவ்ளோ கோவம்?" என்றான் மனைவியின் தம்பி. எலெக்ட்ரீஷியன். தனியாக வீடு இருந்தாலும் அக்கா வீட்டு ரொட்டியைக் கடித்தால்தான் அவனுக்குப் பொழுது விடியும். நின்றுகொண்டே தின்றான்.

"கோவம் இல்ல மாப்ள, வருத்தம். பக்கத்து வகுப்புல புள்ளி டீச்சர் இதே பாடத்தத் திங்கட்கிழமை நடத்தியிருக்காங்க. அந்தச் சொல்லு வர்ற இடத்துல எல்லாம் பலகையில புள்ளி, புள்ளி, புள்ளி. எட்டிப் பாத்தேன். கரும்பலகைக்கு அம்மை போட்டிருக்குன்னு நெனச்சேன்."

தம்பி சிரித்தான். மகள் சிரிக்கவில்லை. அவள் அப்பாவின் வகுப்பிலேயே படித்தாள். அதைவிடப் பெரிய துன்பம் பதினைந்து வயதில் வேறு இல்லை.

பாடம் இதுதான். ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன்னால் செங்கல் சூளை வேலைக்கு வந்தவர்கள் அக்கரைக்காரர்கள். அவர்களுடைய முடியும் தோலும் கொஞ்சம் வேறு மாதிரி. சூளைப் புகைக்குள் எல்லோரும் ஒரே நிறம்தான், ஆனால் ஊர் புகைக்கு வெளியே நின்றுதான் பார்த்தது. அவர்களைக் கூப்பிட ஊர் ஒரு சொல் வைத்திருந்தது. இப்போதெல்லாம் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. கோபம் வந்தால், குடித்தால், பஸ்ஸில் இடம் கிடைக்காவிட்டால் மட்டும். கடைத்தெரு டீக்கடை ஒன்றில் அந்தச் சொல்லை எழுதி, 'உள்ளே இடமில்லை' என்று சேர்த்து, இருபது வருஷம் பலகை தொங்கியது. அந்தப் பலகையின் புகைப்படத்தை வாத்தியார் நகராட்சியின் பழைய அறையில் மூன்று நாள் தூசி தின்று கண்டுபிடித்திருந்தார். அந்தத் தூசியில் வந்த இருமல் இன்னும் போகவில்லை. அவர் வெறும் வாய்ச்சவடால்காரர் இல்லை என்பதற்கு அந்த இருமல் சாட்சி.

"விஷப் பாட்டில் மேல 'விஷம்'னு எழுதாம 'வி' போட்டுப் புள்ளி வெச்சா எவன் பயப்படுவான்?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் புறப்பட்டார்.

நல்ல கேள்விதான்.  இயந்திரம் ஓடியது.

*

பதினொன்றரைக்குத் தம்பி ஓடிவந்தான். ஏணியைத் தெருவிலேயே போட்டுவிட்டு வந்தான். அவன் ஏணியைத் தரையில் படுக்க வைத்து யாரும் பார்த்ததில்லை.

"அக்கா, மெஷின நிறுத்து."

"காலர் பாதியில இருக்கு."

"காலர் எங்கேயும் போகாது. நிறுத்து. மாமா சொல்லிட்டாரு."

"எத?"

"அதத்தான்! நான் வராந்தாவுல ஃபேன் மாட்டிக்கிட்டு ஏணி மேல நிக்கிறேன். உள்ள மாமா போட்டோவத் தூக்கிக் காட்டுறாரு. பலகையப் படிக்கிறாரு. அந்தச் சொல்லச் சொல்றாரு. தெளிவா, நியூஸ் வாசிக்கிற மாதிரி. சரி, அதோட போச்சுன்னு பாத்தா, கைய மேல தூக்கிட்டாரு."

மனைவி இயந்திரத்தை நிறுத்தினாள்.

கை மேலே போவதன் பொருள் அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வாத்தியார் வகுப்பில் முக்கியமான சொல் எது வந்தாலும் வலது கையைக் காதருகே கொண்டுபோவார். கை காதுக்குப் போனால் நாற்பத்திரண்டு பிள்ளைகளும் அந்தச் சொல்லை மூன்று தடவை உரக்கச் சொல்ல வேண்டும். ஜூன் மாதத்திலிருந்து பழக்கம். பத்து வருஷமாக அவர் மாணவர்கள் பரீட்சையில் எந்தச் சொல்லையும் மறந்ததில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்பதுதான் சில சமயம் நினைவுக்கு வராது.

"புள்ளைங்க சொல்லிச்சா?"

"சொல்லிச்சாவா? கட்டடமே சொல்லிச்சுக்கா! நாப்பத்திரண்டு தொண்டை. மூணு தடவை. நான் ஏணியக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன். ரெண்டாவது தடவைலயே மாமா மூஞ்சி மாறிப்போச்சு, வேணாம் வேணாம்னு கைய ஆட்டுறாரு. கை இன்னும் மேலதான இருக்கு? அதுங்க இன்னும் சத்தமா மூணாவது தடவையும் சொல்லி முடிச்சிருச்சுங்க."

"கடவுளே. முன்பெஞ்சு?"

முன்பெஞ்சு என்பது ஒரு பெண். வகுப்பில் முதல் இருக்கை, முதல் மதிப்பெண், முதல் குரல். பள்ளிக்கூடக் கேன்டீனில் சமைக்கும் அக்காவின் மகள். கேன்டீன் அக்கா அக்கரைக்காரி.

 தம்பி அதுவரை கதை சொன்ன வேகம் குறைந்தது. "அதுதான்கா அதிகம் சத்தமாச் சொல்லிச்சு. வழக்கம்போல."

கேன்டீன் அந்த வகுப்புக்கு நேர் பின்னால். கேன்டீன் அக்கா உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்திருக்கிறாள். கத்தியை வைத்தாள், அடுப்பை அணைத்தாள், கையைத் துடைத்தாள். வகுப்புக்குள் நுழைந்து மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். வாசல் பக்கம் கூட்டிக்கொண்டு நடந்தாள்.

"மாமா என்ன சொன்னாரு?"

"'அக்கா, பாடம் நடக்குது'ன்னாரு."

மனைவி நெற்றியில் அடித்துக்கொண்டாள். விரலில் இருந்த சுண்ணக்கட்டி நெற்றியில் ஒரு வெள்ளைக் கோடு போட்டது. அன்று முழுக்க அதை அவளிடம் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

*

மாலை வாத்தியார் வந்தபோது வீடு நீதிமன்றமாக மாறியிருந்தது. மகள் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு கைகள் அவளுக்குக் கீழே கசங்கியும் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நிலைமையின் கடுமை அதிலேயே தெரிந்தது.

"கை கண்ணாடிக்குத்தான் போச்சு," என்றார் வாத்தியார், யாரும் கேட்பதற்கு முன்பே. "மூக்குல வழுக்கிச்சு. ஏத்திவிட்டேன். அதுங்க தப்பாப் புரிஞ்சுக்கிச்சு."

"மாப்ள, நீ பாத்தியே? சொல்லு," என்று சேர்த்தார்.

"கண்ணாடிக்குப் போன கையா, காதுக்குப் போன கையான்னு ஏணி மேலேர்ந்து தெரியல மாமா. ரெண்டும் ஒரே ரூட்டுதான்."

"தலைமையாசிரியை என்ன சொன்னாங்க?" என்றாள் மனைவி.

"அவங்களுக்குப் பேச எங்க நேரம்? முந்நூறு பேருக்குச் சாப்பாடு பாதியில நிக்குது. அவங்களே முட்டை பொரிச்சாங்க. முதல் அறுபது கருகிப்போச்சு. அடுத்த அறுபது வேகல." அவர் சிரிக்கப் பார்த்தார். துணை யாரும் இல்லை. "செவ்வாய்க்கிழமை பரீட்சைக்குள்ள அவங்க வீட்டுக்குப் போய் நான் பேசணுமாம்."

செவ்வாய்க்கிழமைப் பரீட்சை சாதாரணப் பரீட்சை இல்லை. பெரிய நகரத்து விடுதிப் பள்ளிக்கு ஆண்டுக்கு ஒரு முறை ஆள் எடுக்கும் பரீட்சை. இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலிருந்து இதுவரை ஒருவர்கூடத் தேறியதில்லை. இந்த வருஷம் முன்பெஞ்சு தேறிவிடும் என்று காவலாளிவரை நம்பினார்கள். பரீட்சையை விட்டால் அடுத்த வாய்ப்பு கிடையாது, வயது தாண்டிவிடும். அப்புறம் அம்மா பக்கத்தில் இன்னொரு ஸ்டூல், இன்னொரு கத்தி, இன்னொரு மூட்டை உருளைக்கிழங்கு.

"அவ எழுதலன்னா நானும் எழுத மாட்டேன்," என்றாள் மகள்.

"நீ எப்படியும் தேற மாட்ட. மிரட்டலா இது?"

"அப்பா, நானும் சொன்னேன்."

"எத?"

"மூணு தடவை. அவ பக்கத்துல உக்காந்துக்கிட்டு. சொல்லும்போது எனக்கு ஒண்ணுமே தெரியல. நல்லாக்கூட இருந்துச்சு, எல்லாரும் சேந்து கத்துறது. முடிஞ்சப்புறம் அவளத் திரும்பிப் பாத்தேன். அவ என்னப் பாக்கல. அவ வாயையே கையால மூடிக்கிட்டிருந்தா."

வாத்தியாரிடம் எல்லாவற்றுக்கும் பதில் உண்டு. இதற்கும் ஒன்று தேடினார்.  பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, இரவுச் சாப்பாட்டுக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டார்.

*

அம்மாவும் மகளும் வியாழன் வரவில்லை. வெள்ளி வரவில்லை. வாத்தியார் மாதிரிக் கேள்வித்தாள்களை மகளிடம் கொடுத்தனுப்பினார். கதவிடுக்கு வழியாக வாங்கிக்கொண்டார்களாம், பேச்சு இல்லையாம். பள்ளிக்கூடத்தில் ரொட்டியும் வாழைப்பழமும் கொடுத்து முந்நூறு வயிறுகளைச் சமாளித்தார்கள். காரணகர்த்தா யார் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். வராந்தாவில் அவரைப் பார்த்ததும் வாழைப்பழத்தை மெதுவாக உரித்தார்கள்.

ஆசிரியர் அறையில் புள்ளி டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. ஒரு வார்த்தை குத்திக்காட்டியிருந்தால் ஒன்பது வார்த்தை தயாராக வைத்திருந்தார்.

சனிக்கிழமை காலை மழை. மனைவி சட்டைகளை எண்ணிக் கட்டிவிட்டு எழுந்தாள். "வாங்க போலாம்."

"நீ எதுக்கு?"

"முன்பெஞ்சுக்குச் சட்டை அளவு எடுக்கணும். நூத்துப்பத்துல அவளோடது மட்டும் பாக்கி." உண்மையும் அதுதான், சாக்கும் அதுதான்.

சூளைக்குப் பின்னால் வரிசை வீடுகள். சுவர் எல்லாம் நல்ல செங்கல். அக்கரைக்காரர்கள் உடைந்த கல்லை எடுத்துப்போகலாம் என்று ஒரு காலத்தில் அனுமதி இருந்ததால், ஒவ்வொரு வீடும் உடைந்த கற்களால் உடையாமல் நின்றது. கேன்டீன் அக்கா தரையில் வெங்காயக் குவியலுக்கு முன்னால் இருந்தாள். ஒரு கல்யாணத்துக்குச் சமைக்க ஒப்புக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள்.

"வாங்க சார். வாம்மா. ஸ்டூல் ஒண்ணுதான் இருக்கு."

வாத்தியார் நின்றார். மனைவி தரையில் உட்கார்ந்து, யாரும் கேட்காமல், இன்னொரு கத்தியை எடுத்து வெங்காயம் உரிக்க ஆரம்பித்தாள். இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர். வாத்தியாருக்கும் வந்தது. வெங்காயம் எல்லோருக்கும் ஒரு சௌகரியம் செய்துகொடுத்தது.

"அக்கா, ஒரு விளக்கம் சொல்லணும்," என்றார் வாத்தியார். "அந்தச் சொல்ல நான் எதுக்குச் சொன்னேன்னா, நடந்தத மூடி மறைச்சா புள்ளைங்க லேசா எடுத்துக்கும். அந்தச் சொல்லோட கொடுமை அந்தச் சொல்லக் கேட்டாத்தான் தெரியும். விஷப் பாட்டில் இருக்கு பாருங்க, அது மேல..."

"புரியுது சார்."

"புரியுதா?"

"மூடி மறைக்க நான் சொல்லல. எல்லாத்தையும் சொல்லுங்க. அந்த டீக்கடைய எனக்குத் தெரியும். எங்க அப்பா அங்க போயிருக்காரு. சூளைக்கு வந்த முதல் வாரம்." அவள் கத்தி நிற்கவில்லை. "அவருக்குப் படிக்கத் தெரியாது. பலகையில என்ன எழுதியிருக்குன்னு பக்கத்துல நின்னவன்கிட்டக் கேட்டாரு. அவன் நல்லாச் சத்தமாப் படிச்சுக் காட்டினான். இவரு அதத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பாத்தாரு."

"எதுக்கு?"

"மனப்பாடம் பண்ண. வேற கடையில யாராவது அதப் படிச்சா, அது நம்மளத்தான்னு தெரிஞ்சுக்கணும்ல? வீட்டுக்கு வந்து எங்க அம்மாவுக்கும் சொல்லிக்கொடுத்தாரு. நான் சின்னப்புள்ள. நானும் சொன்னேன். பேரு கத்துக்கிற மாதிரி." அவள் வெங்காயத் தோலை ஊதித் தள்ளினாள். "என் பொண்ணு வாயில அது வரக் கூடாதுன்னு நெனச்சேன் சார். மத்தவங்க வாயில வந்தாக்கூடப் பரவால்ல. பழகிப்போச்சு. அவ வாயில வரக் கூடாதுன்னு நெனச்சேன். அதுக்குத்தான் படிக்க வெச்சேன். படிக்கிற எடத்துலயே வந்துருச்சு."

மழை ஓட்டில் அடித்தது.  

உள்ளறைத் திரை விலகியது. முன்பெஞ்சு நின்றாள். கையில் மாதிரிக் கேள்வித்தாள்கள், எல்லாம் பேனாவால் நிரப்பியவை.

"சார், நீங்க கைய எதுக்குத் தூக்கினீங்க? கண்ணாடிக்கா?"

கண்ணாடி என்ற பதில் அவர் நாக்கு நுனியில் மூன்று நாளாகத் தயாராக இருந்தது. வீட்டில் சொன்னது, தலைமையாசிரியையிடம் சொன்னது, காவலாளியிடம்கூடச் சொன்னது. மனைவி வெங்காயத்தை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள்.

"காதுக்குத்தான்மா," என்றார் வாத்தியார். "நல்லாப் போய்க்கிட்டிருந்துச்சு வகுப்பு. எல்லாரும் போட்டோவையே பாத்துக்கிட்டிருந்தீங்க. ஒரு பய தூங்கல. அந்த ஜோருல கை தானாப் போயிருச்சு. நீ எங்க உக்காந்திருக்கன்னு கை மேல போனப்புறம்தான் பாத்தேன்."

"அப்ப நான் எதுக்கு சார் சொன்னேன்?"

"நான் பழக்கினேன். அதனால."

அவள் கொஞ்ச நேரம் அதை யோசித்தாள், விடையைத் திருத்துவதுபோல. முழு மதிப்பெண் கொடுத்தாளா என்று தெரியவில்லை. "மிச்சப் பாடத்த நடத்திட்டீங்களா?"

"இல்ல."

"செவ்வாய்க்கிழமை அதுலேர்ந்து பத்து மார்க் வரும் சார்!" முதல் தடவையாகக் குரல் உயர்ந்தது. "பலகைய எப்படி எறக்கினாங்கங்கிறதே இன்னும் வரல. பி பிரிவுல முடிச்சிட்டாங்க."

"திங்கட்கிழமை முதல் பீரியட் நடத்துறேன். நீ வந்தா."

முன்பெஞ்சு அம்மாவைப் பார்த்தாள். அக்கா கத்தியைத் துடைத்தாள். "வருவா. நானும் கேன்டீனுக்கு வருவேன். எனக்குக் காது நல்லாக் கேக்கும் சார், சின்ன வயசுலேர்ந்தே. பாடம் எப்படிப் போகுதுன்னு பாக்குறேன். அப்புறம் சொல்றேன், செவ்வாய்க்கிழமைக்கு அனுப்புறதா வேணாமான்னு."

மனைவி எழுந்து நாடாவை எடுத்து அந்தப் பெண்ணின் தோளை அளந்தாள். சென்ற வருஷத்தைவிட ஒரு அங்குலம் கூடியிருந்தது.

திரும்பும் வழியில், குடைக்குள், மனைவி சொன்னாள். "உள்ள மூணு தடவை 'அந்தச் சொல்லு, அந்தச் சொல்லு'ன்னீங்க. எண்ணினேன்."

"எத?"

"காத்துக்கு எதுக்கு முக்காடுன்னு கேட்டீங்களே. அந்தச் சொல்லு மட்டும் ஒரு தடவைகூட வாய்ல வரலையே."

"அடுத்தவங்க வீட்ல ஒரு மரியாதை வேணாமா?" என்றார் வாத்தியார் கம்பீரமாக. "வீடு வேற, வகுப்பு வேற."

*

திங்கட்கிழமை காலை அந்தப் பள்ளிக்கூடத்தில் யாருக்கும் எந்த வேலையும் ஓடவில்லை. வராந்தா ஃபேனில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் தம்பி எட்டரைக்கே ஏணியைச் சாத்தி மேலே ஏறி, ஒரே திருகாணியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். தலைமையாசிரியை பூந்தொட்டிகளைப் பார்வையிட வந்தார்; அந்த வராந்தாவில் பூந்தொட்டியே கிடையாது. மனைவி நூற்றுப்பத்தாவது சட்டையை நேரில் கொடுக்க வந்து, கொடுக்காமல் ஜன்னலோரம் நின்றாள். முன்பெஞ்சு முதல் இருக்கையில் இருந்தாள், பழைய சட்டையில். பக்கத்தில் வாத்தியாரின் மகள், தோளோடு தோள் ஒட்டி.

"இன்னிக்கு யாரும் எதையும் திருப்பிச் சொல்ல வேணாம்," என்றார் வாத்தியார். "நான் கைய எங்க கொண்டுபோனாலும் சரி." வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஆனால் அது சுண்ணக்கட்டி பிடிக்கும் கை. சற்று யோசித்து வெளியே எடுத்தார்.

டீக்கடையைச் சொன்னார். சூளையைச் சொன்னார். படிக்கத் தெரியாத ஒருவர் பலகைக்குக் கீழே நின்று பக்கத்து ஆளிடம் கேட்டதைச் சொன்னார், யார் என்று சொல்லாமல். முதல் தடவையாக அந்த வகுப்பில் நாற்பத்திரண்டு பேர் மூச்சு விடும் சத்தம் கேட்டது. பின்னால் கேன்டீனில் உருளைக்கிழங்கு சீவும் சத்தமும் கேட்டது, சீராக.

"அந்தப் பலகையில என்ன எழுதியிருந்துச்சுன்னா," என்று சொல்லிவிட்டுக் கரும்பலகை பக்கம் திரும்பினார்.

சீவும் சத்தம் நின்றது. ஏணி கிரீச்சிட்டது.

வாத்தியார் எழுதும் இடத்தை உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றார். சுண்ணக்கட்டி பலகையில் மூன்று முறை மெல்லத் தட்டியது. பிறகு வேகமாக 'களுக்கு உள்ளே இடமில்லை' என்று எழுதி முடித்தார். திரும்பி, பலகையைப் படித்தார். முதல் இடத்தில் ஒன்றும் சொல்லாமல் நின்றார், ஒரு ஆள் தேநீர்க் கடைக்கு வெளியே நிற்கும் நேரம். அப்புறம் மிச்சத்தைப் படித்தார். இருமினார்.

 நோட்டுகள் திறந்தன.

முதல் பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது. அதே குரல், நான்கு வகுப்புக்குக் கேட்கும் குரல்.

"சார், எத்தனை புள்ளி வெக்கணும்?"

வராந்தாவில் புள்ளி டீச்சர் அப்போதுதான் தன் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். வாத்தியார் அவரைப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"மூணு," என்றார். "நல்லா அழுத்தி வைம்மா."

பின்னால், உருளைக்கிழங்கு சீவும் சத்தம் மறுபடி ஆரம்பித்தது.